12 பை தக்காளி செட்: பையை வாங்கலாம், 12 செடி மட்டும் வைக்காதீர்கள்

தக்காளி வளர்ப்பதற்கென்றே விற்கிற 12 துணிப்பை செட் ஒன்றை வாங்கி இரண்டு பருவம் பயன்படுத்திவிட்டேன். முதல் பருவத்தில் 12 பையிலும் செடி வைத்தேன், இரண்டாவதில் 4 பையில் மட்டும். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன், பையை நம்பி வாங்கலாம், ஆனால் கூட வரும் கையேட்டில் போட்டிருக்கிற கணக்கை நம்பி 12 செடி நடாதீர்கள். "நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 12 செடி" என்று அதில் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் நான்கு பேர்தான். எங்களுக்கு 4 செடி போதுமானதாக இருந்தது, அதுவும் 12 செடி வைத்தபோது கிடைத்ததைவிட நல்ல பழமாக.

செட்டில் 12 பை, 5 கிலோ தேங்காய் நார்க்கழிவுக் கட்டி ஒன்று, ஒரு விதை பாக்கெட், மூன்றடி உயரக் குச்சி 12, அப்புறம் அந்தக் கையேடு. இவ்வளவுதான்.

பை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், வாய்வரை நிரப்பினால் 21 லிட்டர் கொள்ளும், தண்ணீர் ஊற்ற மேலே கொஞ்சம் இடம் விட்டால் 17, 18 லிட்டர் மண் நிற்கும். தக்காளிக்கு இதற்குக் கீழே போகக்கூடாது, சின்னத் தொட்டியில் வைத்தால் செடி நிற்கும், காய் நிற்காது. துணி என்பதால் அதிகத் தண்ணீர் தானாக வடிந்துவிடுகிறது, வேரும் பையின் ஓரத்துக்கு வந்து காற்றுப் பட்டதும் அங்கேயே நின்று உள்ளே புதிதாகக் கிளைக்கிறது, பிளாஸ்டிக் தொட்டியில் சுற்றிச் சுற்றி வளைவதுபோல் வளைவதில்லை. பருவம் முடிந்து மண்ணைக் கொட்டும்போது இதைக் கண்ணாலேயே பார்த்தேன். ஈரத்தோடு ஒரு பை 14 கிலோ வந்தது, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி இடம் மாற்றினேன், இரண்டு பருவத்திலும் ஒரு தையல்கூட விடவில்லை.

ஆனால் துணிப்பை எல்லாப் பக்கமும் காயும். வெயில் காலத்தில் நன்கு வளர்ந்த செடி ஒன்று நாளுக்கு 3 லிட்டர் தண்ணீர் கேட்டது. 12 செடிக்கு 36 லிட்டர். குழாய் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை, எங்கள் வீட்டில் வாளியில் தூக்கிப் போக வேண்டும், அதுவும் ஒரு நாள் விடாமல். முதல் வாரம் உற்சாகமாக இருந்தது. ஏழாவது எட்டாவது வாரத்தில், காய் பிடித்திருக்கிற நேரத்தில், கடைசி வரிசைக்குத் தண்ணீர் ஒரு நாள் போகும், ஒரு நாள் போகாது. அந்த வரிசைப் பழங்கள்தான் அடியில் கறுத்து, தோல்போல் உலர்ந்து கெட்டன. இதைப் பார்த்ததும் கால்சியம் போடு என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், தண்ணீர் ஒழுங்காகக் கிடைக்காததால் அது பழத்துக்குப் போய்ச் சேராது. இரண்டாவது பருவத்தில் அதே மண்கலவை, கூடுதலாக எதுவும் போடவில்லை, 4 செடிக்கும் தினமும் ஒரே அளவு தண்ணீர் போனது, ஒரு பழம்கூட அடி கறுக்கவில்லை.

எத்தனை செடி என்று முடிவு செய்வதற்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியது வெயில். இதைக் கையேட்டில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தக்காளிக்குக் குறைந்தது 6 மணி நேரம், 8 மணி நேரம் என்றால் இன்னும் நல்லது, நேரடி வெயில் வேண்டும். செடி வைக்கப் போகிற இடத்தில் ஒரு விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை மணிக்கு ஒரு தடவை போய், வெயில் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். ஒரு நாள் வேலைதான். நான் இதை இரண்டாவது பருவத்துக்கு முன்னால்தான் செய்தேன், நாள் முழுக்க வெயில் படுகிற இடத்தில், பைக்கும் பைக்கும் இரண்டடி விட்டு வைத்தால், 5 பைதான் கொள்ளும் என்று தெரிந்தது. முதல் பருவத்தில் மீதி 7 பை சுவர் நிழலில் பாதி நாள் நின்றிருக்கிறது. அந்த 7 செடியும் வெளிச்சம் தேடி ஒல்லியாக உயர்ந்தன, பூத்தன, காய் மட்டும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வெயிலில் நின்ற 5 செடி சராசரியாக 3 கிலோ கொடுத்தது, நிழலில் நின்றவை ஒரு கிலோகூடத் தொடவில்லை. மொத்தம் 20 கிலோ சொச்சம். அடுத்த பருவம் 4 செடியில் 14 கிலோ எடுத்தேன். 8 செடிக்கு ஊற்றும் தண்ணீரும் உரமும் நேரமும் மிச்சம்.

அடுத்தது சாப்பாட்டுக் கணக்கு. வாரத்துக்கு எத்தனை கிலோ தக்காளி வாங்குகிறீர்கள் என்று இரண்டு மூன்று வாரம் குறித்து வையுங்கள், அதுதான் உண்மையான எண். எங்களுக்கு வாரம் 2 கிலோ. பையில் வைத்த செடி காய்க்கத் தொடங்கி 8 வாரம் நல்ல அறுவடை தரும் என்று வைத்தால் தேவை 16 கிலோ. நல்ல வெயிலில் ஒரு செடி மூன்று, மூன்றரை கிலோ தருகிறது. வகுத்தால் நாலரையிலிருந்து ஐந்தரை வரை வருகிறது. நான் கீழே இறக்கி 4 என்று வைத்துக்கொண்டேன், ஏனென்றால் வாரத்துக்குக் குறையும் கால், அரை கிலோவைக் கடையில் வாங்கிவிடலாம், கூடுதலாக வைத்த செடிக்கு இடமும் வெயிலும் வாங்க முடியாது. ஒருவரோ இருவரோ உள்ள வீட்டில் 2 செடி போதும், வருடம் முழுக்க அரைத்து பாட்டிலில் சேமிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு 10, 12 கூடத் தேவைப்படும், ஆனால் அவர்களுக்குத் தரை வேண்டும்.

இந்தக் கணக்கில் ரகம் பெரிய விஷயம், இந்த செட்டில் நான் முதலில் குறை சொல்வதும் இதைத்தான். விதை பாக்கெட்டில் "கலப்பினத் தக்காளி" என்று மட்டும் இருக்கிறது. புதர் ரகமா கொடி ரகமா என்று போடவில்லை. புதர் ரகம் மூன்று நான்கு அடியோடு நின்றுவிடும், பெரும்பாலான பழத்தை மூன்று நான்கு வாரத்துக்குள் ஒரே மூச்சில் கொடுத்துவிடும். கொடி ரகம் குளிரோ நோயோ வந்து நிறுத்தும்வரை வளர்ந்துகொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்துக்கொண்டே இருக்கும், ஆறடியைச் சாதாரணமாகத் தாண்டும். தினசரி சமையலுக்குக் கொடி ரகம் வசதி, மொத்தமாக அரைத்து வைக்கப் புதர் ரகம் வசதி. எது என்று தெரியாமல் எண்ணிக்கையை எப்படி முடிவு செய்வது? விற்றவர்களிடம் எழுதிக் கேட்டேன், பாக்கெட்டில் உள்ள விவரம் மட்டுமே எங்களிடம் உள்ளது என்று பதில் வந்தது. வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, கொடி ரகம். அதற்கு மூன்றடிக் குச்சி கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதத்தில் செடி குச்சியைத் தாண்டிப் போய், காற்றடித்த ஒரு இரவில் இரண்டு செடி தண்டோடு ஒடிந்தன, ஒன்றில் பச்சைக் காய் கொத்தாக இருந்தது, இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. இப்போது மேலே ஒரு கம்பி கட்டி, அங்கிருந்து கயிறு தொங்கவிட்டு, தண்டைக் கயிற்றில் சுற்றிவிடுகிறேன். இந்த ஏற்பாடு 4 செடிக்கு அரை நாள் வேலை.

கொடி ரகத்துக்கு இலைக்கும் தண்டுக்கும் நடுவில் முளைக்கிற பக்கக் கிளைகளை வாரா வாரம் கிள்ளிவிட வேண்டும். 4 செடி என்றால் காபி குடித்துக்கொண்டே செய்துவிடலாம். 12 செடியில் இரண்டு வாரம் தள்ளிப்போனது, அதற்குள் ஒரே காடு, காற்றோட்டம் போய்விட்டது, இலைக்கு அடியில் வெள்ளை ஈ குடியேறியதே தெரியவில்லை. 3 செடியில் இலை மேல்நோக்கிச் சுருண்டு, வளர்ச்சி நின்றுபோனது. வெள்ளை ஈ பரப்புகிற இலைச்சுருட்டை நோய்க்கு மருந்து கிடையாது, செடியைப் பிடுங்கிப் போட வேண்டியதுதான். குறைவாக வைத்தால் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்க்க நேரம் இருக்கும். எண்ணிக்கை குறைவதால் கிடைக்கிற நன்மைகளில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இதுதான்.

விதையின் முளைப்பைக் குறை சொல்ல முடியாது. 20 போட்டேன், ஆறாம் நாள் தொடங்கி ஒன்பதாம் நாளுக்குள் 17 முளைத்தது. இங்கேதான் மனசைக் கட்டுப்படுத்த வேண்டும். 17 நாற்று பச்சையாக நிற்கும்போது எதையும் தூக்கிப் போட மனசு வராது, நானும் அப்படித்தான் பை இருக்கிறதே என்று 12 வைத்தேன். இரண்டாவது தடவை 8 விதை மட்டும் போட்டேன், 6 வந்தது, திடமான 4 நாற்றைப் பையில் நட்டேன், 2 நாற்றைச் சின்னத் தொட்டியில் மூன்று வாரம் காவலுக்கு வைத்தேன். ஒரு செடி போனால் அதில் ஒன்று. நடும்போது தண்டில் பாதியை மண்ணுக்குள் விட்டு ஆழமாக நடுங்கள், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும், செடி அசையாமல் நிற்கும்.

நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்தால் 70 லிட்டர் வரை வருகிறது. மண்புழு உரம் கலந்தும் 5 பைதான் நிரம்பியது. 12 பைக்கு விற்கிறவர்கள் இதைப் பெட்டியின் மேலேயே சொல்லியிருக்க வேண்டும், நான் அவசரமாக மீதிக்குத் தனியாக வாங்கினேன், நாற்று அதற்குள் தட்டிலேயே நெட்டையாகிவிட்டது.

ஒன்று மறந்துவிட்டேன், எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாதீர்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி சில நாள் நின்றால் பூ கொட்டும், இரவும் சூடாக இருந்தால் இன்னும் மோசம். மொத்தச் செடியும் ஒரே வயதில் இருந்தால் அந்த ஒரு வாரம் மொத்தப் பூவையும் கொண்டுபோய்விடும். 2 செடி இப்போது, ஐந்தாறு வாரம் கழித்து 2 செடி என்று பிரித்தால் அறுவடையும் நீளும், ஒரே வாரத்தில் 5 கிலோ பழுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்தும் தீராமல் அழுகுவதும் இருக்காது. அடுத்த பருவம் அப்படித்தான் செய்யப்போகிறேன், அந்த 4-இல் ஒன்று செர்ரி தக்காளி. என் மகள் செடியிலிருந்தே பறித்துச் சாப்பிடுகிறவள், அவளுக்காக. செர்ரி ஒரு செடிக்கு மேல் வேண்டாம், ஒன்றே நூற்றுக்கணக்கில் காய்க்கும், பறிப்பதே தனி வேலை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். பைக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுப்பேன். குச்சியும் கையேடும் இல்லாமல், 4 பை, ஒரு நார்க்கட்டி, ரகம் தெளிவாக எழுதிய விதை என்று விற்றால் நானே இன்னொன்று வாங்கி அண்ணன் வீட்டுக்குக் கொடுப்பேன். ஏற்கெனவே 12 வாங்கிவிட்டவர்கள் மீதி 8 பையை மடித்து வைக்க வேண்டாம், பாதி நிழலில் கீரை நன்றாக வரும். கத்தரி, மிளகாய், உருளை மூன்றும் தக்காளியின் குடும்பம், தக்காளி எடுத்த மண்ணில் அடுத்த பருவமே அவற்றைப் போடாதீர்கள், நோய் அப்படியே தொடரும். என் 8 பையில் இப்போது 5-இல் கீரை, 3-இல் பீன்ஸ்.