கோச்சிங் கிளாஸா, தெரு விளையாட்டா, சைக்கிளா? பசங்களுக்கு எது செட் ஆகும்

பையன் வெயிட் போட்டுட்டான், எதுலயாவது சேத்து விடணும்னு பேச்சு வந்தாலே நம்ம வீடுகள்ல முதல்ல விசாரிக்கிறது பேட்மிண்டன், ஸ்விம்மிங், கராத்தே கிளாஸ் ஃபீஸ் எவ்ளோன்னுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு என்னன்னா 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் சராசரியா தினமும் 60 நிமிஷம் மூச்சு வாங்குற அளவுக்கு உடம்பு அசையணும், அதுல வாரத்துக்கு 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை இருக்கணும். தினமும்ங்கறதுதான் முக்கியம், இத மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாப்போம்.

கோச்சிங் பெரும்பாலும் வாரத்துல ரெண்டு மூணு நாள்தான். ஒரு நாள் சாயங்காலம் கூடவே போய் ஓரமா உக்காந்து பாருங்க, கோர்ட்ல நாலு பேர் ஆடுவாங்க, மிச்ச பசங்க பேட்ட கையில வச்சுக்கிட்டு சுவத்துல சாஞ்சு நிப்பாங்க, பேர் கூப்பிட்டா நாலஞ்சு ஷாட், திரும்ப வரிசைக்கு பின்னாடி. வெளிய வந்ததும் பாவம் களைச்சுட்டான்னு நாமளே ஒரு பப்ஸும் கூல்டிரிங்க்ஸும் வாங்கி குடுத்துடறோம், 250 மில்லி கோலால மட்டும் சுமார் 26 கிராம் சர்க்கரை, ஆறு டீஸ்பூனுக்கு மேல! ஸ்விம்மிங் மட்டும் நான் தனியா வைப்பேன். வெயிட் அதிகமா இருக்கற புள்ளைக்கு முட்டி மேல பாரம் விழாது, அதுவும் போக தண்ணில விழுந்தா உயிர் காக்கற வித்தை, வசதி இருந்தா கண்டிப்பா கத்துக் குடுங்க.

தெரு விளையாட்டுக்கு வாங்க. நொண்டி, கபடி, ஐஸ்பாய், கல்லா மண்ணா எல்லாத்துலயும் வரிசைல நிக்கற வேலை ரொம்ப கம்மி, நொண்டில ஒத்தக்கால்ல துரத்துற புள்ளையோட காலுக்கு எவ்ளோ வேலைன்னு நீங்க ஒரு ரவுண்டு ஆடிப் பாத்தா தெரியும், பைசா செலவு கிடையாது, லீவு நாள்லயும் நடக்கும், குண்டா இருக்கற பையனையும் ஆள் பத்தலன்னு சேத்துக்குவாங்க. குறை இல்லாம இல்ல, வண்டி, நாய், இடமே இல்லாத தெரு, எல்லாம் நெஜம்தான். ஆனா எனக்கு ரொம்ப வலிக்கறது வேற, பொண்ணுங்க வயசுக்கு வந்ததும் வெளிய விளையாடறத அப்படியே நிறுத்திடறோம், எலும்பு உறுதியாகிற வயசே அதுதான்.

சைக்கிள் வளந்த பசங்களுக்கு சரி. தமிழ்நாட்டுல அரசு, அரசு உதவி பெறும் பள்ளில பிளஸ் ஒன் வந்தா சைக்கிள் இலவசமாவே குடுக்கறாங்க, ஸ்கூலுக்கு போக வர மிதிச்சாலே பாதி கணக்கு முடிஞ்சுரும். சிட்டி மெயின் ரோட்ல எனக்கு தைரியம் இல்ல.

அதனால 12 வயசு வரைக்கும் என் ஓட்டு தெருவுக்கு, அப்பறம் சைக்கிள், கிளாஸ் எக்ஸ்ட்ரா. வெயிட் விஷயத்துல ஒண்ணு, பெரியவங்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு வெயிட் எவ்ளோன்னு பாக்கற கணக்கு) அளவ பசங்களுக்கு போட்டு பயப்படாதீங்க, அவங்களுக்கு வயசும் ஆணா பொண்ணாங்கறதும் சேத்து பாக்கற சார்ட் தனி, குழந்தை டாக்டர்கிட்ட இருக்கும். வளர்ற புள்ள, பல பேருக்கு வெயிட் ஏறாம நின்னாலே உயரம் வர வர சரியாகும், அதுக்காக சாப்பாட்ட பிடுங்கறதோ குண்டான்னு கூப்பிடறதோ வேண்டவே வேண்டாம்.

அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்க அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல 'இங்கு விளையாடக் கூடாது' போர்ட எடுக்கச் சொல்லி கேளுங்க, சாயங்காலம் ஒரு மணி நேரம் வண்டி வராம இருந்தா போதும்.