டூரிங் செட்டப் என்று 185,000 ரூபா போனது: திருகோணமலை பைக்காரர்கள் கவனம்

பழைய பைக்கைத் தூரப் பயணத்துக்கு வசதியாக மாற்ற ஒரு கராஜில் கொடுத்து ஏமாந்த காசு 185,000 ரூபா. ஆத்திரம் அடங்காமல்தான் இதை எழுதுகிறேன். இன்று பின்னேரம் அந்தக் கராஜ்காரன் என் இலக்கத்தை வட்ஸ்அப்பில் தடுத்துவிட்டான். இனி அவனோடு கதைக்க ஒன்றும் இல்லை. அடுத்து ஏமாற இருப்பவர்களாவது வாசித்துக்கொள்ளட்டும்.

பெயர் போட மாட்டேன். திருகோணமலைப் பக்கம், பெரிய பைக்குகளுக்கு மட்டும் வேலை செய்வதாகப் பலகை வைத்து, முகநூலில் மினுங்கும் படங்கள் போடும் ஒரு கராஜ். தேடுகிறவர்களுக்கு அது போதும்.

என் பைக் 90களில் வந்த யப்பான் 400 சிசி ஸ்போர்ட் டூரிங். மொடலைச் சொன்னால் நான் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். என்ஜின் தங்கம். ஆனால் பழைய ஸ்போர்ட் டூரிங் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும்: ஹாண்டில் தாழ்வு, உடம்பின் பாரம் எல்லாம் மணிக்கட்டில். சீற் பெற்றோல் தாங்கிப் பக்கம் சரிந்திருப்பதால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஆள் முன்னால் வழுக்குவார். பின்னால் இருப்பவருக்கு முழங்கால் மடங்கி மரத்துவிடும். ஹொரவப்பொத்தானை, வவுனியா என்று யாழ்ப்பாணம் போய் இறங்கும்போது மனைவியால் நிமிர முடியாது. அவளுக்காகத்தான் இந்தச் செலவு.

நான் கேட்டது ஐந்து வேலை. ஹாண்டிலை உயர்த்த ரைசர், ஜெல் போட்ட புது சீற், உயரமான முன் கண்ணாடி, பின் ஷொக்கை (குலுக்கத்தைத் தாங்கும் பாகம்) கழற்றி சீலும் எண்ணெயும் மாற்றுவது, இரண்டு புது ரயர்.

முதல் நாள் அவன் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். தேத்தண்ணி தந்தான். பைக்கில் என்னை ஏற்றி, மனைவியையும் பின்னால் இருக்கச் சொல்லி, டேப் எடுத்து பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தான். "அண்ணா, ஆள் ஏறினதும் ஷொக் தன் ஓட்டத்தில், அதாவது முழுதாக அமுங்கக்கூடிய தூரத்தில், மூன்றில் ஒரு பங்குதான் அமுங்க வேணும். உங்களுக்குப் பாதிக்கு மேல் போகுது, அதுதான் அக்காவுக்கு முதுகு நோகுது" என்றான். சொன்னது முழுக்கச் சரி. அளவைக் கொப்பியில் எழுதினான். என் முழங்கைக் கோணத்தைப் பார்த்து, ஹாண்டில் இவ்வளவு உயர வேண்டும் என்று விரலால் காட்டினான். "அக்கா, இனி யாழ்ப்பாணம் போய் இறங்கினாலும் களைப்பு தெரியாது" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னான். வேலை தெரிந்தவன்தான். தெரிந்த வேலையைச் செய்யாமல் காசை வாங்கினான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே 120,000 ரூபா முற்பணம் கொடுத்தேன். பைக் எடுக்கும்போது மிச்சம் 65,000.

பைக் எடுத்த அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. ரயர் கறுப்பாக மினுங்கியது, ஷொக் புதுக் கறுப்பு, சீற்றில் சிவப்பு நூல் தையல். பில் கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் "டூரிங் செட்டப் 185,000" என்று ஒரே வரி.

அடுத்த ஞாயிறு கொழும்புக்குப் புறப்பட்டோம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை வருவது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு தனியன் றோட்டோரமாக நின்றது. முன்னால் வந்த வான் நின்றுவிட்டது, நானும் நிறுத்திப் பைக்கைத் திருப்பினேன். ஹாண்டில் முழுதாக ஒரு பக்கம் திரும்பிய அந்த நொடியில் என்ஜின் தானாக உறுமத் தொடங்கியது. நான் எக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை. பைக் முன்னால் பாய்ந்தது. கால் ஊன்றி, கிளச்சை அழுத்திப் பிடித்ததால் விழவில்லை. மனைவி கத்திய சத்தம் இப்போதும் காதுக்குள் நிற்கிறது. யானை அசையாமல் நின்றது, அது கடவுள் கிருபை.

காரணம் என்ன தெரியுமா? ஹாண்டிலை உயர்த்தினால் எக்ஸிலேட்டர் கேபிள், கிளச் கேபிள், பிரேக் ஹோஸ் எல்லாவற்றுக்கும் நீளம் பார்க்க வேண்டும். போதாவிட்டால் நீளமானது போட வேண்டும். அவன் பழைய கேபிளையே இழுத்துப் பூட்டியிருந்தான். ஹாண்டிலை ஒடிக்கும்போது கேபிள் இழுபட்டு எக்ஸிலேட்டர் தானாகத் திறக்கிறது. பிரேக் ஹோஸும் கம்பிபோல் விறைத்து நின்றது. வசதிக்கென்று செய்த வேலை எங்கள் இரண்டு உயிரையும் எடுத்திருக்கும்.

பயணத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பி, ஓட்டோ சீற் தைக்கும் ஒரு அண்ணனிடம் சீற்றைத் திறக்கக் கொடுத்தேன். உள்ளே ஜெல் இல்லை. மெத்தை ஸ்பொஞ்சுத் துண்டுகளை ஒட்டி மேலே மெல்லிய றப்பர் ஷீற். "தம்பி, தொட்டால் மெத்தென்று இருக்கும், ஒரு மணித்தியாலத்தில் அமுங்கி அடித்தட்டில்தான் இருப்பீங்க. தூர ஓட்டத்துக்கு இறுக்கமான ஃபோம், அகலம், சரிவில்லாத தட்டு, இதுதான் வேணும்" என்றார். ஷொக்கைத் துடைத்துப் பார்த்தோம். கழற்றவே இல்லை, துருவின் மேல் ஸ்பிறே பெயின்ற். ரயரில் பொலிஷைத் துடைத்ததும் வெடிப்பு தெரிந்தது. பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் 2316, அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இதுதான் "புது" ரயர். கண்ணாடி மட்டும் சொன்னபடி இருந்தது. மொத்தம் 185,000 ரூபா.

போன் எடுத்தேன். "ஓடி ஓடி செட் ஆகும் அண்ணா." கேபிள் எப்படி ஓடி ஓடி நீளும்? நேரில் போனேன். "பாஸ் கொழும்புக்கு, நாளைக்கு வாங்க." நாளைக்குப் போனால் பாஸ் உள்ளே இருந்துகொண்டு பையனை வெளியே அனுப்புகிறான். பிறகு ஒரு வொய்ஸ் மெசேஜ்: "உங்க ரெண்டு பேர் வெயிட்டுக்கு எந்த சீற்றும் அப்படித்தான்." என் மனைவியைப் பற்றி இப்படிச் சொல்ல இவனுக்கு என்ன உரிமை? படங்கள் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் "வெளியாளிடம் சீற்றைத் திறந்திட்டீங்க, இனி வொரண்டி இல்லை." அவன் முகநூலில் நடந்ததை எழுதினேன், அரை மணித்தியாலத்தில் அழித்துவிட்டான். இன்று தடுத்தும் விட்டான்.

பழைய பைக்கைத் தூரப் பயணத்துக்கு எப்படித் தயார் செய்வது என்று விரிவாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. அவசரத்துக்கு இவை மட்டும்.

ரைசர் போட்டால் கராஜ் வாசலிலேயே, பைக் ஸ்டார்ட்டில் இருக்க, ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். சத்தம் ஏறினால் பைக்கை எடுக்காதீர்கள். ரயரின் நான்கு இலக்கத்தைப் பூட்டுவதற்கு முன் பாருங்கள். சீற்றை மூடித் தைப்பதற்கு முன் உள்ளே இருப்பதைக் கண்ணால் பாருங்கள். கழற்றிய பழைய சீல், பழைய கேபிள் எல்லாவற்றையும் திருப்பிக் கேளுங்கள். பில்லில் ஒவ்வொரு வேலைக்கும் தனி வரி, தனி விலை. வேலை முடியாமல் பாதிக்கு மேல் காசு கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதென்றால் மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். நான் நாளைக்கு அந்தத் துண்டுத்தாள், படங்கள், வொய்ஸ் மெசேஜ் எல்லாவற்றோடும் போகிறேன். மத்தியஸ்த சபைக்கும் எழுதுவேன். 185,000 ரூபாவையும் திருப்பித் தரும்வரை விடப்போவதில்லை. இதே இடத்தில் ஏமாந்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.