சபை உபத்திரவத்தைக் கடக்குமா, தப்புமா? கடைசிக்காலம் பற்றிய போட்டிக் கருத்துகள், அருகருகே வைத்து

இயேசு கிறிஸ்து மறுபடியும் வருவார் என்பதில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லூத்தரன், பெந்தெகொஸ்தே, சகோதரர் சபை என யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. வாக்குவாதமெல்லாம் அதற்கு முன்னால் வரும் கொடிய துன்பகாலமாகிய மகா உபத்திரவத்தைப் பற்றித்தான். கிறிஸ்துவின் எதிராளியான அந்திக்கிறிஸ்து ஆளும் அந்த நாட்களில் சபை, அதாவது விசுவாசிகளின் கூட்டம், பூமியில் இருக்குமா, இருக்காதா?

தமிழ்நாட்டுப் பெந்தெகொஸ்தே கன்வென்ஷன்களில் வளர்ந்தவருக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. முதலில் இரகசிய வருகை (கிறிஸ்து வந்து சபையை மட்டும் எடுத்துக்கொள்வது), அப்புறம் ஏழு வருஷ உபத்திரவம், அதன் முடிவில் எல்லாரும் காணும் பகிரங்க வருகை, பிறகு பூமியில் கிறிஸ்துவின் ஆயிர வருஷ அரசாட்சி. வேதபாட வகுப்பில் தொங்கும் வரைபடத்தில் அம்புக்குறி போட்டே காட்டியிருப்பார்கள். ஆனால் அந்த வரைபடம் இருக்கிற பல கருத்துகளில் ஒன்றுதான். மற்றவர்களும் அதே வேதாகமத்தைத்தான் வாசிக்கிறார்கள்.

ஏழு வருஷக் கணக்கு

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் முழுக்கத் தேடினாலும் "ஏழு வருஷ உபத்திரவம்" என்று ஒரு வசனம் கிடைக்காது. அங்கே இருப்பவை 42 மாதம் (11:2, 13:5), 1260 நாள் (11:3, 12:6), அதாவது மூன்றரை வருஷம். ஏழு என்ற எண் தானியேல் 9ஆம் அதிகாரத்தின் எழுபது வாரங்களிலிருந்து வருகிறது. ஒரு வாரம் என்பது ஏழு வருஷம். 69 வாரங்கள் மேசியாவோடு முடிந்தன. கடைசி வாரம் மட்டும் இன்னும் வரவில்லை. நடுவில் இருக்கும் நீண்ட இடைவெளிதான் சபையின் காலம். இரகசிய வருகைக் கட்டடம் முழுவதும் இந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நிற்கிறது.

இந்தக் கணக்கை நாள் கணக்காகவே போட்டவர் சர் ராபர்ட் ஆண்டர்சன். லண்டன் ஸ்காட்லாந்து யார்டின் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். வருஷத்துக்கு 360 நாள் என்று வைத்து, 483 வருஷத்துக்கு 1,73,880 நாள் கணக்கிட்டு, கி.மு. 445இல் தொடங்கி கிறிஸ்து எருசலேமுக்குள் கழுதைக்குட்டியின் மேல் வந்த நாளில் கொண்டுபோய் நிறுத்தினார். போலீஸ்காரர் மூளை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எந்த வருஷத்தில் தொடங்குவது, 360 நாள் வருஷத்தை ஏன் எடுப்பது என்ற இரண்டு தேர்வுகளும் அவருடையவை. வேறு தேர்வு செய்தால் விடை மாறும்.

எதிர்த்தரப்பார் அந்த இடைவெளியையே ஏற்பதில்லை. 69க்கு அடுத்து 70 வருவதுதான் இயல்பு, நடுவில் இரண்டாயிரம் வருஷம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். தானியேல் 9:27இல் உடன்படிக்கையை உறுதிப்படுத்தி, வாரத்தின் பாதியில் பலியை ஒழியப்பண்ணுகிறவர் கிறிஸ்துவே, அது சிலுவையில் நடந்துமுடிந்தது என்பது அவர்களில் பலருடைய வாசிப்பு. ஒரே வசனத்தில் ஒருவர் அந்திக்கிறிஸ்துவைப் பார்க்கிறார், இன்னொருவர் கிறிஸ்துவையே பார்க்கிறார். இதற்கு மேல் ஒரு கருத்து வேறுபாடு இருக்க முடியுமா?

டார்பி போட்ட கோடு

உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்பதை ஒரு முறையான போதனையாக வகுத்தவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882). அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் போதகராக இருந்து, அதைவிட்டு வெளியேறி, பிளைமவுத் சகோதரர் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார். 1830களில் அயர்லாந்தின் பவர்ஸ்கோர்ட் மாளிகையில் நடந்த தீர்க்கதரிசன மாநாடுகளில் இந்தப் போதனை உருவம் பெற்றது. பிறகு 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்புரை வேதாகமம் அதை அமெரிக்கா முழுக்கக் கொண்டுசேர்த்தது. வசனத்துக்குக் கீழேயே விளக்கக் குறிப்பு அச்சாகியிருந்தால், வாசிப்பவருக்கு எது வசனம், எது ஸ்கோஃபீல்டு என்பது நாளடைவில் மறந்துபோகும்.

அதே இயக்கத்துக்குள்ளேயே எதிர்ப்பும் இருந்தது. பிளைமவுத் சபையில் மூப்பராக இருந்த பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன், சபை உபத்திரவத்தைக் கடந்துதான் போகும் என்று உறுதியாகப் போதித்தார். 1840களில் இருவரும் மோதிக்கொண்டு இயக்கமே உடைந்ததில் இந்த வேறுபாட்டுக்கும் பங்கு உண்டு. இந்த இயக்கத்துக்கும் நம் ஊருக்கும் தொடர்பு சீக்கிரமே ஏற்பட்டுவிட்டது: அதன் ஆரம்பகாலத் தலைவர் ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் 1830களிலேயே மதராஸ் மாகாணத்துக்கு வந்தார்; திருநெல்வேலியின் ஜான் அருளப்பன் அவரோடு சேர்ந்து ஊழியம் செய்தவர்.

டார்பி போதனையின் உயிர் இரகசிய வருகை அல்ல, இஸ்ரவேலும் சபையும் தேவனுடைய இரண்டு வேறு ஜனங்கள் என்ற பிரிவினை. உபத்திரவம் "யாக்கோபுக்கு இக்கட்டுக்காலம்" (எரேமியா 30:7). அது இஸ்ரவேலுக்கு உரியது. ஆகவே சபைக்கு அங்கே வேலை இல்லை. இந்தக் கோட்டை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்து உட்காரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டிவரும். எந்த மேடையிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், ஆனால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

200 வருஷத்துக்குள் வந்த போதனை என்பதால் மட்டும் அது தப்பாகிவிடாது. லூத்தரிடமும் ஒருகாலத்தில் "இது புதுசு" என்றுதான் சொன்னார்கள்.

முன்பா, பின்பா: நேருக்கு நேர்

இரு தரப்புக்கும் பொதுவான வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:16-17. கர்த்தர் ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும் இறங்குவார், மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள், உயிரோடிருப்பவர்கள் "கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக" ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். எதிர்கொண்டுபோன பிறகு எந்தப் பக்கம் திரும்புவது? ஏழு வருஷம் பரலோகத்துக்கு என்கிறது முன்-உபத்திரவக் கருத்து. அவரோடே பூமிக்கு என்கிறது பின்-உபத்திரவக் கருத்து. நம் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர்கள் மாப்பிள்ளையோடு வந்த வழியே திரும்பி ஊருக்குள்தான் வருவார்கள்; பத்துக் கன்னிகைகள் மணவாளனை எதிர்கொண்டு போனதும் அப்படித்தான், ரோமாபுரிச் சகோதரர்கள் பவுலை எதிர்கொண்டு அப்பியுபுரம் வரை வந்ததும் (அப்போஸ்தலர் 28:15) அப்படித்தான். வசனம் இதை முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் இத்தனை சத்தத்தோடும் எக்காளத்தோடும் நடக்கும் ஒன்றை "இரகசியம்" என்பதுதான் எனக்கு எப்போதும் இடிக்கிறது.

அடுத்து மத்தேயு 24. "அந்நாட்களின் உபத்திரவம் முடிந்தவுடனே" சூரியன் அந்தகாரப்படும், மனுஷகுமாரன் வருவார், எக்காள சத்தத்தோடே தூதர்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கூட்டிச்சேர்ப்பார்கள் (29-31). பின்-உபத்திரவக்காரர்களுக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை, வாசித்தால் போதும். முன்-உபத்திரவக்காரர்கள், இந்தத் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் சபை அல்ல, உபத்திரவ காலத்தில் விசுவாசிக்கும் யூதர்கள் என்பார்கள். மறுபடியும் அதே டார்பி கோடு.

வெளிப்படுத்தல் 3:10இல் பிலதெல்பியா சபைக்கு ஒரு வாக்குத்தத்தம்: பூச்சக்கரத்தின்மேலெங்கும் வரப்போகிற சோதனைகாலத்திற்குத் தப்பும்படி காப்பேன். முன்-உபத்திரவத் தரப்பின் பலமான வசனம் இது. காலத்துக்கே தப்புவது என்றால் அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் இருப்பதுதானே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு மற்றவர்கள் யோவான் 17:15ஐ எடுப்பார்கள். சீஷர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டாமல், தீமையினின்று காக்கும்படி இயேசு ஜெபிக்கிறார். எகிப்தில் வாதைகள் விழுந்தபோது கோசேனில் இருந்த இஸ்ரவேலர் அங்கேயே இருந்துதான் காக்கப்பட்டார்கள்.

என் கணக்கில் தராசைச் சாய்ப்பது 2 தெசலோனிக்கேயர் 2. கர்த்தருடைய நாள் வந்துவிட்டதோ என்று தெசலோனிக்கேயர் கலங்குகிறார்கள். முன்-உபத்திரவப் போதனை பவுலுக்குத் தெரிந்திருந்தால் பதில் ஒரே வரி: "நீங்கள் இன்னும் இங்கேதானே இருக்கிறீர்கள், அப்படியானால் வரவில்லை." அவர் அப்படிச் சொல்லவில்லை. விசுவாசதுரோகம் முந்தி நேரிட்டு, கேட்டின் மகனாகிய பாவமனுஷன் வெளிப்பட்டாலொழிய அந்த நாள் வராது என்கிறார். பார்க்கப்போகிறவர்களிடம்தானே அடையாளம் சொல்வார்கள்? இதற்கு மறுதரப்பு காட்டும் பதில், 7ஆம் வசனத்தில் பாவமனுஷன் வெளிப்படாதபடி தடைசெய்கிறவர் சபைக்குள் வாசமாயிருக்கும் பரிசுத்த ஆவியானவர். அவர் நீக்கப்படுவது சபை எடுக்கப்படும்போது என்பது. இருக்கலாம். ஆனால் தடைசெய்கிறவர் யார் என்று பவுல் அங்கே பெயர் சொல்லவில்லை. ரோம அரசாங்கம் என்றுதான் பழைய சபைப் பிதாக்களில் பலர் நினைத்தார்கள்.

பின்-உபத்திரவக் கருத்துக்கும் ஒரு பெரிய தலைவலி உண்டு. விசுவாசிகள் எல்லாரும் வருகையின்போது மகிமையான சரீரம் பெறுகிறார்கள்; துன்மார்க்கர் அதே நாளில் அழிகிறார்கள்; சரி, அப்புறம் ஆயிர வருஷ அரசாட்சியில் பிள்ளை பெறுகிறவர்கள் யார்? அந்த ஆயிரம் வருஷம் முடியும்போது சாத்தானுக்குப் பின்னால் கடற்கரை மணலத்தனை பேர் போகிறார்களே (வெளிப்படுத்தல் 20:8), அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? முன்-உபத்திரவக் கருத்துக்கு இது சுலபம். ஏழு வருஷத்தில் மனந்திரும்பிய புதியவர்கள் சாதாரணச் சரீரத்தோடே ராஜ்யத்துக்குள் போவார்கள். பின்-உபத்திரவக்காரர்கள் சகரியா 14:16ஐக் காட்டி, யுத்தத்தில் மீதியாகும் ஜாதிகள் உண்டு என்பார்கள். சிலர் வெளிப்படுத்தல் 7இல் முத்திரையிடப்பட்ட 1,44,000 இஸ்ரவேலர் கடைசி நேரத்தில்தான் விசுவாசிப்பார்கள் என்கிறார்கள். எதுவும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

நடுவில் நிற்பவர்கள்

மூன்றரை வருஷத்தில் எடுத்துக்கொள்ளப்படுதல் என்ற நடு-உபத்திரவக் கருத்து, 1 கொரிந்தியர் 15:52இன் கடைசி எக்காளத்தை வெளிப்படுத்தல் 11இன் ஏழாம் எக்காளத்தோடு இணைக்கிறது. எண்ணிக்கைப் பொருத்தம்தான், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. 1990இல் மார்வின் ரோசன்தால் முன்வைத்த "கோபாக்கினைக்கு முன்" என்ற கருத்து இதைவிடக் கூர்மையானது. அந்திக்கிறிஸ்துவின் துன்புறுத்தல் வேறு, தேவனுடைய கோபாக்கினை வேறு. முதலாவதைச் சபை அனுபவிக்கும், இரண்டாவதற்கு முன் எடுக்கப்படும். "தேவன் நம்மைக் கோபாக்கினைக்கென்று நியமிக்காமல்" (1 தெசலோனிக்கேயர் 5:9) என்ற வசனத்துக்கு இது நல்ல இடம் கொடுக்கிறது. ஆனால் வெளிப்படுத்தல் 6இல் உபத்திரவங்களைத் தொடங்கிவைக்கும் முத்திரைகளை உடைப்பவரே ஆட்டுக்குட்டியானவர், அதாவது கிறிஸ்து. அப்படியிருக்க முதல் ஐந்து முத்திரைகளை வெறும் மனுஷக் கோபம் என்று ஒதுக்க முடியுமா என்று கேட்டால் தடுமாறும்.

நடந்து முடிந்ததா, நடந்துகொண்டே இருக்கிறதா

இந்த விளையாட்டுக்கே வராதவர்கள் இரண்டு கூட்டம். முதல் கூட்டம் மகா உபத்திரவம் கி.பி. 66–70 யூத யுத்தத்தில் நடந்துமுடிந்தது என்கிறது. ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேமை முற்றுகையிட்டது, பஞ்சம், ஆலயம் எரிந்தது எல்லாம் அக்கால யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதிவைத்தவை. "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" (மத்தேயு 24:34) என்பதற்கும், லூக்கா 21:20 எருசலேமைச் சூழும் சேனைகளைச் சொல்வதற்கும் இதைவிட நேரான விளக்கம் கிடையாது. யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்கு ஓட வேண்டும் என்ற கட்டளையும் உலகளாவிய அழிவுக்குப் பொருந்துவதைவிட ஒரு முற்றுகைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் வெளிப்படுத்தின விசேஷத்தையும் இதே யுத்தத்துக்குள் அடைக்கப் போனால் சிக்கல். அது ரோமச் சக்கரவர்த்தி தொமித்தியன் ஆட்சியின் (81–96) முடிவில் எழுதப்பட்டது என்கிறார் இரண்டாம் நூற்றாண்டுச் சபைப் பிதா இரேனியு. அப்படியானால் ஆலயம் இடிந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு.

இரண்டாவது கூட்டம் பழைய சபைப் பிதா அகஸ்டினிலிருந்து கத்தோலிக்கர், லூத்தரன், சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலோர். ஆயிர வருஷம் என்பது சபையின் காலம் முழுவதற்கும் அடையாளம். உபத்திரவமும் அப்படியே, முடிவில் மட்டும் உக்கிரமாகும். பத்மு தீவில் யோவான் தன்னை உபத்திரவத்திற்கு உடன்பங்காளன் என்று அப்போதே சொல்லிக்கொள்கிறார் (1:9). கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 675ஆம் பத்தியில், கிறிஸ்துவின் வருகைக்கு முன் திருச்சபை ஓர் இறுதிச் சோதனையைக் கடக்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது.

கருத்துக்கும் வாழ்க்கைக்கும் உள்ள உறவு விசித்திரமானது. சீனாவின் சபைத் தலைவர் வாட்ச்மேன் நீ, ஜெயங்கொள்ளும் விசுவாசிகள் மட்டும் உபத்திரவத்துக்கு முன் எடுக்கப்படுவார்கள் என்ற பகுதிக் கருத்தைப் பிடித்திருந்தவர். 1952இல் கைதாகி, 1972இல் தொழிலாளர் முகாமிலேயே இறந்தார். உபத்திரவத்துக்குத் தப்புவோம் என்று போதிப்பவர்கள் பாடுகளுக்குத் தயாராக இருக்கமாட்டார்கள் என்ற குற்றச்சாட்டை நான் சொல்லத் தயங்குவது அவரால்தான்.

மொத்தத்தில் பவுலும் மத்தேயுவும் என்னைப் பின்-உபத்திரவப் பக்கமே தள்ளுகிறார்கள். பிள்ளை பெறுகிறவர்கள் யார் என்ற அந்தக் கடன் மட்டும் பாக்கி. அதைத் தீர்க்க ஒரே சுலபமான வழி, அகஸ்டினோடு போய் ஆயிர வருஷத்தை அடையாளமாக்கிவிடுவது. ஆனால் வெளிப்படுத்தல் 20இல் இரண்டாம் வசனத்திலிருந்து ஏழாம் வசனம் வரை ஆயிரம் வருஷம் ஆறு தடவை வருகிறது. அந்த ஆறையும் அடையாளம் என்று தள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை.