எச்சரிக்கை: பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப்புக்கு "மெஷின் ஃப்ளஷ்" செய்யச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

புதுச்சேரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய செகண்ட் ஹேண்ட் பிக்கப் ஒன்று, சில வாரங்களிலேயே கியர் எடுக்கத் திணற ஆரம்பித்தது. 1,20,000 கி.மீ. தாண்டிய 6 கியர் ஆட்டோமேட்டிக் வண்டி அது. வாங்கியவர் கடலூர்க்காரர். துறைமுகத்திலிருந்து மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றி ஓட்டிப் பிழைப்பவர். பழைய சர்வீஸ் ரெக்கார்டு எதுவும் கைக்கு வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, "மெஷின் போட்டு ஃப்ளஷ் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும் சார், எல்லா வண்டிக்கும் இதே ஆயில்தான் போடுறோம்" என்று பதில் வந்திருக்கிறது. ஃப்ளஷ் என்றால் மெஷினை மாட்டிப் பழைய ஆயிலை வெளியே தள்ளிப் புது ஆயிலை உள்ளே விடுவது. பில்லில் இருந்தது ஒரே வரி: "ஏ.டி.எஃப். ஃப்ளஷ், 12 லிட்டர்". ஏ.டி.எஃப். என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். என்ன கம்பெனி, என்ன தரம் என்று ஒரு எழுத்து இல்லை.

பிறகு வேறொரு இடத்தில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான பானின் போல்ட்டுகளில் கம்பெனியில் போட்ட பெயின்ட் குறி கலையவே இல்லை. அதாவது பானைக் கழற்றவில்லை, ஃபில்டரைத் தொடவில்லை, உள்ளே உலோகத் தூளைப் பிடிக்கும் காந்தத்தைத் துடைக்கவில்லை. ஆயில் அளவு அரை லிட்டருக்கும் மேல் குறைவு. ஊற்றியிருந்தது டெக்ஸ்ரான் 3 என்ற பழைய தர ஆயில் என்று ஒர்க்‌ஷாப்பிலேயே பின்னர் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கியர்பாக்ஸ் கேட்பதோ குறைந்த பாகுத்தன்மை கொண்ட, அதாவது மெல்லிய ஆயில். இந்த மூன்று தவறும் ஒரே வண்டியில் நடந்திருக்கின்றன. இவற்றில் ஒன்று நடந்தாலே கியர்பாக்ஸ் கெட வாய்ப்புண்டு.

முதலில் ஆயில் தரம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஏ.டி.எஃப். வெறும் உராய்வு குறைக்கும் எண்ணெய் அல்ல. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சின் சக்தியைக் கடத்துவது அதுதான். ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடி வழியாக அழுத்தம் கொடுத்து கிளட்சுகளைப் பிடிக்க வைப்பதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதையே அதில் கலந்திருக்கும் சேர்மானங்கள் தீர்மானிக்கின்றன. டெக்ஸ்ரான் 3 வகை ஆயில் 100 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 7 சென்டிஸ்டோக் பாகுத்தன்மை கொண்டது (எண் கூடினால் கெட்டி). டெக்ஸ்ரான் 6-க்கு உச்ச வரம்பே 6.4 தான். டொயோட்டாவின் டபிள்யூ.எஸ். ஆயிலுக்கு ஏறக்குறைய 5.5. மெல்லிய ஆயிலுக்காகத் துளையும் ஸ்பிரிங்கும் கணக்கிட்டு வைத்த வால்வு பாடியில் கெட்டியான ஆயிலை ஊற்றினால் காலையில் கியர் லேட்டாக விழும். சேர்மானம் பொருந்தாவிட்டால் டார்க் கன்வெர்ட்டரை நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் சீராகப் பிடிக்காது. மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது வண்டி விட்டுவிட்டு அதிரும். கடலூர் வண்டியில் முதலில் தெரிந்த அறிகுறியும் இதுவே.

சிவப்பாக இருந்தால் எல்லாம் ஏ.டி.எஃப்.தான் என்று நம்ப வேண்டாம். சிவப்பு என்பது கலந்த சாயம், தரத்துக்கு அத்தாட்சி அல்ல. டெக்ஸ்ரான் 3-க்கு ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்துவந்த லைசென்ஸ் 2006 முடிவோடு நின்றுபோனது. இன்று கேனில் அந்தப் பெயரைப் போட்டிருப்பது விற்கிறவரின் சொந்தப் பொறுப்பில்தான். ஒரே மாடலுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஃபோர்டு எண்டேவரில் 6 கியர் பாக்ஸ் கேட்பது மெர்கான் எல்.வி. 2020-ல் வந்த 10 கியர் பாக்ஸ் கேட்பது மெர்கான் யூ.எல்.வி. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. வண்டியின் ஓனர் மேனுவலில் கடைசிப் பக்கங்களில் ஆயில் தரம் அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒர்க்‌ஷாப்பில் அதைக் காட்டி அதையே கேளுங்கள். ஏ.எம்.டி. வண்டி என்றால் இந்தப் பதிவே அதற்குப் பொருந்தாது. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் இயக்குவது மட்டும் மெஷின்.

இப்போது முக்கியமான கேள்வி: ஃப்ளஷ்ஷா, ட்ரெயின் செய்து (அடியில் திறந்து ஆயிலை இறக்கி) நிரப்புவதா, தொடாமல் விடுவதா?

பான் வழியாக ட்ரெயின் செய்தால் மொத்த ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் குழாய்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். 10 லிட்டர் கொள்ளும் கியர்பாக்ஸில் 4 லிட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை மாற்றினால் உள்ளே 40 சதவீதம் புது ஆயில். 500 முதல் 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்றினால் 64 சதவீதம். மூன்றாவது தடவை 78. மொத்தச் செலவு 12 லிட்டர், அதாவது அந்த பில்லில் போட்ட அதே அளவு. வித்தியாசம் என்னவென்றால் இதில் ஒவ்வொரு முறையும் என்ன இறங்கியது என்று பார்த்து, அடுத்த முறை தொடர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். முந்தைய சரித்திரம் தெரியாத பழைய வண்டிக்கு எங்கள் பரிந்துரை இதுதான். முதல் தடவையிலேயே பானைக் கழற்றி ஃபில்டரும் கேஸ்கெட்டும் மாற்றிவிட வேண்டும்.

மெஷின் எல்லாமே கெட்டது என்று சொல்லவில்லை. கூலர் லைனில் இணைத்து, கியர்பாக்ஸின் சொந்த பம்ப்பே பழைய ஆயிலை வெளியே தள்ள, அதே அளவு புது ஆயிலை உள்ளே விடும் மெஷின் நல்ல முறைதான். ஆனால் அதற்கு முன் பான் சுத்தமாகி, ஃபில்டர் மாறியிருக்க வேண்டும். சில வண்டிகளில் கூலர் பாதையில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறது. ஆயில் சூடாகாமல் அது சரியாகத் திறக்காது. குளிர்ந்த நிலையில் மெஷினை மாட்டினால் மாற்றம் அரைகுறையாகவே நடக்கும். வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து, "கிளீனர்" கெமிக்கலையும் சேர்த்துத் தள்ளுகிற மெஷினை அதிக கி.மீ. ஓடிய வண்டியின் பக்கமே கொண்டுவர விடாதீர்கள். படிந்து கிடக்கும் கிளட்ச் தூள் கிளம்பி வால்வு பாடியின் சின்ன ஓட்டைகளில் போய் அடைக்கும். இன்னொன்று, மெஷினின் டேங்கிலும் ஹோஸிலும் முந்தைய வண்டியின் ஆயில் மிச்சம் இருக்கும். அது வேறு தரமாக இருந்தால் உங்கள் கியர்பாக்ஸில் அதுவும் கலக்கும்.

"ஆயில் மாத்தினதாலதான் கியர்பாக்ஸ் போச்சு" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலரும் ஆயில் மாற்றவே வருகிறார்கள். தட்டு தேய்ந்துபோன கியர்பாக்ஸை எந்த ஆயிலும் காப்பாற்றாது. அதனால் பணம் கட்டுவதற்கு முன் சோதியுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியதும் பிரேக்கை மிதித்தபடி என்-னிலிருந்து டி-க்குப் போடுங்கள். பிறகு ஆர்-க்கும் போட்டுப் பாருங்கள். ஓரிரு விநாடிக்குள் கியர் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் போனாலோ, தடாரென்று இடித்துப் பிடித்தாலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கொஞ்சம் ஆயிலை வெள்ளை டிஷ்யூவில் விட்டுப் பாருங்கள். பழுப்பேறியிருந்தால் வயதாகிவிட்டது, மாற்றலாம். கருப்பாகி, தீய்ந்த வாடையும் கருந்துகளும் தெரிந்தால் முதலில் பானைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. கையில் குத்தும் உலோகச் சீவல், பித்தளை நிறத் துகள், கிளட்ச் லைனிங் துண்டு என்றால் ஆயிலுக்குக் காசு போடாமல், கியர்பாக்ஸைப் பிரித்துப் புதுப்பிக்கும் ரீபில்ட் செலவைக் கணக்குப் பாருங்கள், அல்லது வண்டியைத் திருப்பிக் கொடுக்க வழி தேடுங்கள்.

"லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. கியர்பாக்ஸ் தயாரிக்கிற இசட்.எஃப். நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது 8 ஆண்டு என்று மாற்றும் இடைவெளி சொல்கிறது. ஐஸ் பாரத்தோடு புதுச்சேரியில் முருங்கப்பாக்கம், மரப்பாலம், இந்திரா காந்தி சிலை சிக்னல் என்று நின்று நின்று ஊருகிற வண்டிக்கு 60,000 கி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது. சிக்னல் நெரிசலில் கன்வெர்ட்டர் வழுக்கி ஆயில் சூடாகும், காற்றோட்டமும் இருக்காது.

இனி அளவு. நம் ஊரில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸில் அடியிலுள்ள ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது மெல்லிய தாரையாகச் சொட்டுகிறதா என்று பார்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும். அதுவும் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது மட்டும். பல டொயோட்டா கியர்பாக்ஸ்களில் அது 35 முதல் 45 டிகிரி வரை. உங்கள் மாடலுக்கு என்ன என்று சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஓட்டி வந்த வண்டியில் ஆயில் 80 டிகிரியைத் தாண்டியிருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் நிறுத்தினால் மாலை வரை நின்றாலும் 40-க்கு இறங்காது. ஏ.டி.எஃப். சூட்டில் விரியும். 10 லிட்டருக்கு 45 டிகிரி வித்தியாசம் என்றால் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் அளவு விரியும். சூடான ஆயிலில் பிளக்கைத் திறந்தால், உள்ளே குறைவாக இருந்தாலும் சொட்டும். "நிறைஞ்சிருக்கு" என்று மூடிவிடுவார்கள். காலையில் குளிர்ந்ததும் அளவு இறங்கி, பம்ப் காற்றை இழுத்து, ஆயில் நுரைத்து, கியர் லேட்டாகும். ஏற்றத்திலும் திருப்பத்திலும் வழுக்கும். மாறாக, அளவு மீறி ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கலக்கி அதுவும் நுரைக்கும், பிரீதர் என்ற காற்றுத் துளை வழியே கக்கும்.

எனவே முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, காலை 7 மணிக்கு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். முதலில் நிரப்பும் பிளக்கைத் திறக்க வேண்டும். அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தால், ட்ரெயின் செய்த பிறகு ஆயில் ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும். உப்புக்காற்று அடிக்கிற நம் ஊரில் இது சாதாரணம். இறங்கிய ஆயிலை அளவுக் குவளையில் அளந்து, அதே அளவு புது ஆயில் ஊற்ற வேண்டும். பான் போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். பல மாடல்களில் அது 10 நியூட்டன் மீட்டருக்குள்தான். கையில் வலுவிருக்கிறது என்று முறுக்கினால் பான் விளிம்பு வளையும், அலுமினிய மரை உரியும். பிளக்குகளுக்குப் புது வாஷர். பிறகு வண்டி நான்கு சக்கரமும் சமமாக லிஃப்டில் நிற்க, எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி.யை அணைத்து, பி-யிலிருந்து டி வரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தித் திரும்ப பி-க்கு வர வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் ஆயில் சூடு சரியான எல்லைக்கு வரும்போது பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். ஸ்கேனரில் ஏ.டி.எஃப். சூடு காட்டாத இடத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்க்கிற அளவு தப்பாகத்தான் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வண்டிகள் நீரில் நின்றன. தென்பெண்ணை வெள்ளம் கடலூரை மூழ்கடித்தது. அப்படி நின்ற வண்டியில் பிரீதர் வழியாக கியர்பாக்ஸுக்குள் நீர் இறங்கியிருக்கலாம். இன்னொரு வழி ரேடியேட்டர். பல பிக்கப்புகளில் கியர்பாக்ஸ் கூலர் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. கூலன்ட்டுக்குப் பதில் உப்புக் கலந்த போர் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் கூலர் அரித்து, கூலன்ட்டும் ஆயிலும் கலக்கும். ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் இறங்கினால் ஃப்ளஷ் என்ற பேச்சையே நிறுத்துங்கள். கிளட்ச் லைனிங்கை ஒட்டிய பசையே நீரில் விட்டுப்போகும். ரேடியேட்டரை மாற்றி, கியர்பாக்ஸைத் திறந்து பார்க்காமல் வேறு வழி இல்லை.

ஆயில் வாங்கும்போது பேரலிலிருந்து லூஸாக ஊற்றுவதை ஏற்காதீர்கள். சீல் உடையாத கேன்களை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், பேட்ச் எண்ணைப் படம் எடுங்கள், காலி கேன்களை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பழைய ஃபில்டரையும், பழைய ஆயிலில் 100 மில்லியை ஒரு கண்ணாடிப் பாட்டிலிலும் கேட்டு வாங்குங்கள். பில்லில் ஆயில் பெயர், தரம், லிட்டர், ஃபில்டர் பார்ட் நம்பர் தனித்தனியாக இருக்க வேண்டும்.

ஏற்கனவே ஏமாந்துவிட்டீர்கள் என்றால் அதிர்வு தெரிந்த பிறகு பாரம் ஏற்றி ஓட்டாதீர்கள். சரியான தரத்தில் மேலே சொன்ன மூன்று தடவை முறையைச் செய்து பாருங்கள். தட்டு கருகாமல் இருந்தால் அதிர்வு பெரும்பாலும் அடங்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சொந்த மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வேலை புதுச்சேரியில் நடந்திருந்தாலும் கடலூர்க்காரர் கடலூரிலேயே கொடுக்கலாம். வணிக நோக்கத்துக்கான சேவை என்று எதிர்த்தரப்பு தட்டிக்கழிக்கப் பார்க்கும். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே ஓட்டுகிற வண்டி என்றால், அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.