காப்புக்காடா, கண்மாயா? ஆய்வுக் களம் தேடும் மாணவர்களுக்கு

சுற்றுச்சூழல் அறிவியல், விலங்கியல், தாவரவியல் என்று எதில் சேர்ந்தாலும் சீனியர்கள் முதலில் கேட்பது, "ஃபீல்டு எங்கே?" தென் மாவட்டக் கல்லூரிகளில் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு, இல்லையென்றால் ஊர்க் கண்மாய். காடு என்றால் கேட்டவர் கண் விரியும். கண்மாய் என்றால் "அங்க என்ன இருக்கு, சீமைக்கருவேலந்தானே?" என்பார்கள். முதுகலை ஆய்வேட்டை மலையடிவாரக் காட்டில் முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்குச் சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை எடுத்துக்கொண்டவள் நான். எந்தப் பக்கம் சாய்வேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கண்மாய்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். உயிரினப் பன்மையில் காட்டுக்குப் பக்கத்தில் கண்மாய் நிற்க முடியாது. உங்கள் கேள்வி வரையாட்டையோ சிங்கவால் குரங்கையோ இருவாச்சியையோ பற்றியது என்றால், இதை மூடிவிட்டு மலையேறுங்கள். செலவில் கண்மாய் மலிவு. டவுன் பஸ், அதற்கு மேல் கடன் வாங்கிய டிவிஎஸ் எக்ஸெல், அவ்வளவுதான். காட்டில் ஜீப் வாடகை, தங்கும் இடம், கூட வரும் வழிகாட்டிக்கு நாள்கூலி என்று உதவித்தொகை கரையும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய வித்தியாசங்கள். முடிவைத் தீர்மானிக்க வேண்டியது அனுமதி.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழையத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விலங்கைப் பிடிக்க வேண்டியிருந்தால் 12-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். அது சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புப் பெற்ற பட்டியலில், உள்ள விலங்கு என்றால் கோப்பு டெல்லி வரை போகும். நெறியாளர் கையெழுத்தில் தொடங்கி, துறைத் தலைவர், மாவட்ட வன அலுவலர் அல்லது புலிகள் காப்பகத்தின் கள இயக்குநர், பிறகு சென்னை. ஒவ்வொரு மேசையிலும் கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். யானைப் பாதையில் ஒரு மாணவி மாட்டிக்கொண்டால் பதில் சொல்லப்போவது நெறியாளர் அல்ல, ரேஞ்சர்தான். அதனால் வனத்துறையைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. மாணவரின் காலக்கணக்கு வேறு, காட்டின் காலக்கணக்கு வேறு என்பதுதான் சிக்கல்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பாடநெறிக் காலமும் இதில் அடக்கம். இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) 2 ஆண்டு, அதன் பின் முதுநிலை ஆய்வு உதவித்தொகை (எஸ்ஆர்எஃப்) 3 ஆண்டு, ஆக மொத்தம் 5 ஆண்டுக்குத்தான் பணம். ஜேஆர்எஃப்-லிருந்து எஸ்ஆர்எஃப்-க்கு மாற, செய்த வேலையைக் குழு முன் காட்ட வேண்டும். 2023 ஜனவரியில் வந்த உயர்வின்படி, மாதம் 37,000 ரூபாய் 42,000 ஆவது அந்தக் கட்டத்தில்தான். கோப்பு எந்த மேசையில் கிடந்தாலும் இந்தக் கடிகாரம் நிற்காது.

இதோடு பருவத்தைச் சேர்த்துப் பாருங்கள். கூடு கட்டும் காலத்தைப் படிக்கப் போகிறவருக்கு அந்தப் பருவம் முடிகிற நேரத்தில் அனுமதி வந்தால், அடுத்த வருடம்தான். பிப்ரவரி முதல் மே வரை இலையுதிர் காடுகளில் தீக்காலம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு அந்த மாதங்களில் யாரையும் உள்ளே விட எளிதில் மனம் வராது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பின்போது களப் பணியாளர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். உங்களோடு நடக்க ஆள் கிடைக்காது. இப்படித்தான் கோப்பில் இரண்டு மாதத் தாமதம், தரவில் ஒரு வருடத் தாமதமாகிவிடுகிறது. முதுகலையில் ஓடைத் தவளைகளைப் பார்க்கத்தான் நாங்கள் எழுதிக் கேட்டிருந்தோம். அனுமதி வந்தபோது நான்காம் செமஸ்டர் பாதி போயிருந்தது, ஓடையும் வற்றியிருந்தது. தலைப்பை உதிர்ந்த இலைகள் மக்கும் வேகத்துக்கு மாற்றி, நைலான் வலைப் பைகளில் இலையை நிரப்பிக் கட்டிப்போட்டுவிட்டு வந்தோம். அதுவும் ஆய்வுதான். ஆனால் கேள்வியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, காலண்டர் தேர்ந்தெடுத்தது.

கண்மாய்க்கு வருவோம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். உதவிப் பொறியாளருக்கோ ஒன்றிய அலுவலகத்துக்கோ ஒரு கடிதம், ஊராட்சித் தலைவருக்கு ஒரு நகல். பறவை எண்ணவும், பாட்டிலில் தண்ணீர் எடுக்கவும் என் அனுபவத்தில் இதற்கு மேல் தேவைப்படவில்லை.

உண்மையான அனுமதி கரையில் கிடைப்பது. நீர்க்கட்டி ஒருவர் இருப்பார். எந்த மடையை எப்போது திறப்பது என்பது அவர் கையில். மீன்பாசி ஏலம், அதாவது கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருவர். நான் மடைப் பக்கம் குத்தவைத்து, குமிழி வராமல் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டபோது உள்ளே பழுப்பு மேகம் போல இறங்கியது. குத்தகைக்காரர் மேலே நின்றபடி, "ஏன் தாயி, தண்ணியில மருந்து கிருந்து கலக்குறியா?" என்றார். பாட்டிலுக்குள் மட்டும்தான் கலக்கிறேன், பழுப்பு அடர்த்தியாக விழுந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது என்று அர்த்தம் என்று சொல்லி நீட்டினேன். வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். "இப்ப மத்தியானம். விடியமுன்ன வந்து எடு. மீனு வாயப் பொளந்துக்கிட்டு மேல வர்றது அப்பத்தான்." பாசி பகலில் ஆக்சிஜனைத் தரும், இரவெல்லாம் அதுவும் சேர்ந்து உறிஞ்சும், ஆகவே விடியலுக்கு முன்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும் என்று பாடப்புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. என் அட்டவணையில் விடிகாலை மாதிரியும் சேர்ந்தது. இதற்கு யாரிடமும் மனுப் போட வேண்டியிருக்கவில்லை. மறுநாளே போக முடிந்தது. காட்டில் திட்ட வரைவில் இல்லாத ஒரு மாதிரியைச் சேர்க்க, திரும்பவும் எழுத வேண்டும்.

சுற்றுச்சூழல் கல்வியையும் ஆய்வில் சேர்க்கிறவர்களுக்கு இந்தத் 'திரும்பப் போகும் வசதி' இன்னும் முக்கியம். பிள்ளைகளைக் காட்டு முகாமுக்குக் கூட்டிப்போய், காலையில் ஒரு வினாத்தாள், மாலையில் அதே வினாத்தாள் என்று பல ஆய்வேடுகள் உண்டு. மாலையில் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். அதில் பாதி பஸ் பயணத்தின் சந்தோஷமாகக்கூட இருக்கலாம். சில மாதம் கழித்து அதே பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டால்தான் என்ன தங்கியது என்று தெரியும். கண்மாய் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே கிடக்கிறது. காய்ந்து கிடக்கும்போது ஒருமுறை, பெருகி நிற்கும்போது ஒருமுறை, வற்றும்போது ஒருமுறை என்று அதே ஏழாம் வகுப்பைக் கரைக்குக் கூட்டி வரலாம். ஒப்பிட, கண்மாய்ப் பாடம் நடத்தாத பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்று. முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம், கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பெற்றோர் கையெழுத்து எல்லாம் இதற்கும் உண்டு. ஆனால் அவ்வளவும் மாவட்டத்துக்குள்ளேயே முடிகிறது.

மடைத் தூணில் பெயின்ட்டால் அளவு போட்டு, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைப் பிள்ளைகளே குறிக்கிறார்கள். ஒரு வாரம் எண் இறங்கியிருந்தது. ஆவியாதல் பற்றி நான் விளக்க ஆரம்பித்தேன். "இல்ல டீச்சர், மேல மடைய நேத்து எங்க தாத்தா தொறந்துட்டாரு" என்றாள் ஒருத்தி. முன்னோட்டத் தேர்விலும் இதே கதைதான். மடை திறந்தால் தண்ணீர் முதலில் எந்த வயலுக்கு என்ற கேள்விக்குப் பாடம் தொடங்கும் முன்பே கிட்டத்தட்ட எல்லோரும் சரியாக எழுதினார்கள். எல்லோருக்கும் தெரிந்த கேள்வியை வைத்துக் கற்றலை அளக்க முடியாது, எடுத்துவிட்டேன். நத்தை குத்தி நாரை ஏன் நெல்லுக்கு எதிரி இல்லை என்ற கேள்வி நின்றது.

கண்மாயின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். காடு இருந்த இடத்தில் இருக்கும், கண்மாய் அப்படியில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. அப்படியொரு வருடம் உங்கள் ஆய்வுக்கு நடுவில் வந்தால் எண்ணப் பறவை இருக்காது. 2017-இல் குடிமராமத்து மறுபடி தொடங்கியதிலிருந்து தூர்வாரும் வேலை எங்கும் நடக்கிறது, விவசாயிகள் வண்டல் அள்ளுகிறார்கள். ஊருக்கு நல்லது. நீங்கள் குச்சி நட்டு வைத்த சதுரம் மட்டும் ஜேசிபி பள்ளமாகியிருக்கும். இதற்கு ஒரே மாற்று, ஒரு கண்மாயை நம்பாமல் மறுகால் (நிரம்பி வழியும் தண்ணீர்) ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் சங்கிலித் தொடரை எடுப்பது. மழை குறைந்தாலும் மேல் கண்மாயில் கொஞ்சமாவது நிற்கும். ஆனால் ஒரே தண்ணீர் குடிக்கும் கண்மாய்கள் தனித்தனி மாதிரிகள் ஆகாது என்று வாய்மொழித் தேர்வில் பிடித்துக்கொள்வார்கள். வேறு தொடரிலிருந்தும் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எல்லாக் கண்மாயும் திறந்த வீடு அல்ல. சிவகங்கையின் வேட்டங்குடி, ராமநாதபுரத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், திருநெல்வேலியின் கூந்தன்குளம் எல்லாம் பறவைகள் சரணாலயங்கள். தண்ணீர் கண்மாய்த் தண்ணீர்தான், சட்டம் காட்டுச் சட்டம். அதே 28-ஆம் பிரிவு.

நான் பார்த்தது மழையை நம்பிய கண்மாய்கள் மட்டும். டெல்டாவிலும் செங்கல்பட்டு ஏரிகளிலும் கரை அரசியல் வேறு மாதிரி இருக்கலாம். பாதுகாப்பு விஷயத்தில் காடு ஒரு படி மேல் என்றே சொல்வேன். அங்கே காவலர் கூடவே வருவார், இங்கே விடிகாலைக் கரையில் தோழி யாரையாவது நாமேதான் எழுப்பிக் கூட்டிப்போக வேண்டும். எந்த ஆய்வேடு வேலை வாங்கித் தரும் என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் பட்டமே கைக்கு வரவில்லை.

காடுதான் என்று முடிவெடுத்தவர்கள் பாடநெறி முடியட்டும் என்று காத்திருக்காமல் சேர்ந்த மாதமே விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள். சரணாலய எல்லைக்கு வெளியே செய்யக்கூடிய இரண்டாவது தலைப்பு ஒன்றையும் நெறியாளரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கண்மாய்க்கு வருகிறவர்கள் ஆகஸ்டிலேயே இறங்கிவிட வேண்டும். அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் காய்ந்த உள்வாயின் (கண்மாயின் உட்பரப்பின்) மண்ணையும் செடியையும் பதிவு செய்ய அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும். போகிற முதல் நாளே ஒன்றிய அலுவலகத்தில், இந்த வருடத் தூர்வாரும் பட்டியலில் உங்கள் கண்மாய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பிறகு தலைப்பைப் பதிவு செய்யுங்கள்.