'ஃபுல் செட்டப்' தையல் ரூம் பேக்கேஜ்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டிலேயே ஒரு அறையை ஒதுக்கித் தையல் வேலை ஆரம்பிக்க நினைக்கிற பெண்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. பவர் மெஷின் (மோட்டாரில் ஓடும் வேகமான தையல் மெஷின்), ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்), கட்டிங் டேபிள், நூல் வைக்க அலமாரி, லைட், ஒயரிங் எல்லாம் சேர்த்து ஒரே ரேட். "ரூமை மட்டும் காட்டுங்க சிஸ்டர், மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். திருச்சியில் என்னிடம் 68,000 ரூபாய்க்குப் பேசி, அதில் 45,000 முன்பணமாக வாங்கினார்கள். கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

வாயால் சொன்னது இவ்வளவு: ஜப்பான் கம்பெனி மெஷின், சர்வோ மோட்டார், தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டில் டேபிள். மெஷின் புதிது என்று சொல்லவில்லை. "திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி மூடினப்ப எடுத்தது, ஆறு மாசம்கூட ஓடல" என்றார் கடைக்காரர். திருப்பூர் பெயரைச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும், அங்கே ஓடாத மெஷினா?

மெஷின் வந்து இறங்கியபோது பளபளவென்று இருந்தது. கொண்டுவந்த பையன் காட்டன் பிட்டை இரண்டாக மடித்து ஒரு நேர்த் தையல் ஓட்டிக் காட்டினான், முத்து முத்தாக விழுந்தது. மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து லைனிங் வைத்த பட்டு பிளவுஸை எடுத்துக் கை ஏற்றும்போதுதான் வண்டவாளம் தெரிந்தது. அக்குளில் நாலைந்து மடிப்பு சேரும் இடத்தில் தையல் விட்டுவிட்டு விழுகிறது. ஊசியை மாற்றினேன், நூலை மாற்றினேன், நூல் இறுக்கத்துக்கான டென்ஷனைத் திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை.

மோட்டார் விஷயம் அதற்கு முன்பே காதில் விழுந்தது. ஸ்விட்ச் போட்டதும் 'ங்ஙொய்' என்று ஓட ஆரம்பித்து, நான் மிதிக்காமல் உட்கார்ந்திருந்தாலும் ஓடிக்கொண்டே இருந்தது. சர்வோ மோட்டார் அப்படிச் செய்யாது. மிதித்தால்தான் சுற்றும், காலை எடுத்தால் அமைதியாகிவிடும், வேகத்தையும் குறைத்து வைக்கலாம். ஸ்விட்ச் போட்ட நொடியிலிருந்து ஓடுவது பழைய கிளட்ச் மோட்டார். நீங்கள் பட்டன் ஹோலுக்கு அளவு குறித்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கும் சேர்த்து கரண்ட் இழுக்கும். வீட்டில் குழந்தை தூங்கினால் அந்தச் சத்தத்தில் தைக்கவும் முடியாது. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம், நம் காதே போதும்.

அப்புறம் பல வருஷமாகத் தையல் கடைகளுக்கு வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணனை வரச் சொன்னேன். வந்தவர் முதலில் மெஷின் தலையைப் பின்னால் சாய்த்தார். அடியில் இருக்கிற எண்ணெய்த் தட்டில் வெள்ளை ஆயில் இருக்க வேண்டும், கருப்பாகக் குழம்பு மாதிரி ஏதோ இருந்தது. டார்ச் அடித்து ஹூக்கைக் காட்டினார். ஊசியிலிருந்து நூலைப் பிடித்து இழுக்கிற அந்த முனை கூராக இருக்க வேண்டும். இதில் தேய்ந்து மழுங்கிப்போய், மேலே அரம் போட்டு ராவிய கோடுகள் தெரிந்தன. மெல்லிய துணியில் எப்படியோ பிடித்துவிடும், கனத்தில் நழுவிவிடும். பையன் காட்டன் பிட்டை மட்டும் தைத்துக் காட்டியதன் ரகசியம் அதுதான்.

பிறகு பெயர் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் உதிர்ந்தது, உள்ளே பட்டி வைத்து அடைத்த இரண்டு சின்ன ஓட்டைகள். "நம்பர் பிளேட்ட கழட்டிட்டு பெயிண்ட் அடிச்சிருக்காங்கம்மா. இது எந்த கம்பெனி மெஷின்னே சொல்ல முடியாது" என்றார். பழைய மெஷின் வாங்குவதில் தப்பே இல்லை, நல்ல செகண்ட் ஹேண்ட் மெஷினில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் எத்தனையோ பேர். பிளேட்டைப் பிடுங்கி வேறு பெயர் ஒட்டி விற்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

டேபிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே எரிச்சலாக இருக்கிறது. மரைன் பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்க வேண்டும். வந்தது தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, ஓரத்தில் டேப் ஒட்டி மறைத்திருந்தார்கள். அயர்ன் பாக்ஸுக்குத் தெளிக்கிற தண்ணீர் பட்டுப்பட்டு அந்த ஓரம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதிவிட்டது. உயரமும் தப்பு. மெஷின் டேபிள் உயரத்துக்கே, 30 அங்குலத்தில், கட்டிங் டேபிளையும் போட்டுவிட்டார்கள். நின்று வெட்டுவதற்கு 36 அங்குலமாவது வேண்டும், இல்லையென்றால் இடுப்பு போய்விடும். இதெல்லாம் தெரியாதவர்கள் எப்படி 'தையல் ரூம் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு வைக்கிறார்களோ! லைட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள், என் கை நிழல் சரியாக ஊசி மேல் விழுகிறது.

ஒயரிங்கை மட்டும் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெஷினைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருந்தது. தெரிந்த எலெக்ட்ரீஷியன் வந்து பிளக்கைத் திறந்து பார்த்தார். பச்சை ஒயரை வெட்டி உள்ளேயே மடித்து விட்டிருந்தார்கள், எர்த்தே கொடுக்கவில்லை. அயர்ன் பாக்ஸ், மெஷின், ஓவர்லாக் மூன்றும் ஒரே 6 ஆம்பியர் பிளக் பாயிண்டிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. அயர்ன் பாக்ஸுக்குத் தனி 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டு, எர்த்தும் இழுத்துக் கொடுத்த செலவு என் தலையில்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது கடைக்காரர் சொன்னது: "மெஷினுக்கு நான் போட்டது வெறும் 11,000 தான் சிஸ்டர், மிச்சமெல்லாம் மரவேலை." சரி, மரவேலையாவது ஒழுங்காக இருக்கிறதா, டேபிளை மாற்றிக் கொடுங்கள் என்றேன். "டேபிள் உங்களுக்கு ஃப்ரீயா போட்டுக் கொடுத்தது, மெஷின்லயே எல்லாம் போயிடுச்சு" என்றார். ஒயரிங்? "அது எலெக்ட்ரீஷியனோட பொறுப்பு." மொத்த ரேட் பேசுவது இதற்காகத்தான். எந்தச் சாமானைப் பற்றிக் கேட்டாலும் அதன் விலை அடுத்த சாமானுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

பில் என்று கொடுத்த தாளை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருக்கிறது. 'தையல் ரூம் செட் - 1' என்று ஒரே வரி. மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. ஜி.எஸ்.டி. எண்ணில் 15 எழுத்து இருக்க வேண்டும், தமிழ்நாடு என்றால் 33-இல் ஆரம்பிக்கும். அந்தத் தாளில் 33 இருந்தது, எண்ணினால் மொத்தம் 14 தான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அது விற்பனையே இல்லை, வெறும் எஸ்டிமேட்தான் என்று கடைக்காரர் பதில் அனுப்பினார். ஆனால் முழுப் பணமும் யு.பி.ஐ.யில் போயிருக்கிறது. வாட்ஸ்அப்பில் "சர்வோ மோட்டார், மரைன் ப்ளை" என்று அவரே அனுப்பிய மெசேஜும் இருக்கிறது. மெக்கானிக் அண்ணன் எழுதிக் கொடுத்த அறிக்கையோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போக வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் நான் எதைக் காட்டியிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள்.

அறை போடப் போகிறவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, தனித்தனி பில்லில் வாங்குங்கள். பேக்கேஜ்தான் வேண்டும் என்றாலும், சாமான் வாரியாக விலையும் மாடலும் சீரியல் நம்பரும் எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பிளைவுட்டை அறுப்பதற்கு முன்பே முத்திரையைப் பாருங்கள், மேலே லேமினேட் ஒட்டிவிட்டால் தெரியாது. முத்திரையில் இருக்கிற சி.எம்./எல். என்ற உரிம எண்ணை, தர முத்திரை கொடுக்கிற அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டிவிடும்.

மெஷின் பார்க்கப் போகும்போது கடைக்காரர் கொடுக்கும் பிட்டில் தைக்காதீர்கள். லைனிங் வைத்த பட்டு, கொஞ்சம் வெல்வெட், கழுத்துக்கு வைக்கிற கேன்வாஸ் என்று உங்கள் பையில் எடுத்துப் போங்கள். நாலு மடிப்பு சேர்கிற இடத்தில் நீங்களே மிதித்துத் தையுங்கள், மெதுவாகவும் வேகமாகவும். பிறகு மெஷின் தலையைச் சாய்த்து எண்ணெய்த் தட்டையும் ஹூக்கையும் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கு சிஸ்டர்" என்று ஆரம்பித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.