ஐந்தாம் வகுப்பில் நிறுத்தி வைப்பதா, ஏற்றி விடுவதா? ஓர் ஈராசிரியர் பள்ளியின் கணக்கு

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பணி மாறுதல், அகவிலைப்படி எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியில் வந்து நிற்கிற பேச்சு இதுதான்: வாசிக்கத் தெரியாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கும் அதிகாரம் பள்ளிக்கு வேண்டுமா, வேண்டாமா? குறுவள மையக் கூட்டங்களில், அதாவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடும் இடங்களில், இதற்கு இரண்டு கட்சி உண்டு. எங்கள் வட்டாரத்தில் கருத்துக் கேட்டபோது நான் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தவன். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று சொல்ல மாட்டேன். நான் இருப்பது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில்; ஆசிரியர்கள் இரண்டே பேர். என் கணக்கு முழுக்க அங்கிருந்துதான் வருகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 8ஆம் வகுப்பு முடியும்வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-இல் அதைத் திருத்தினார்கள். 5, 8 வகுப்புகளில் ஆண்டு இறுதித் தேர்வு, தவறினால் கூடுதல் பயிற்சி, முடிவு வந்து இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தவறினால் நிறுத்தி வைக்கலாம், ஆனால் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. இதை எடுத்துக்கொள்வதும் விடுவதும் மாநிலத்தின் விருப்பம். தமிழ்நாட்டில் 2019 செப்டம்பரில் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று அரசாணை வந்தது, 2020 பிப்ரவரியில் ரத்தானது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு நிறுத்தி வைக்கும் விதிகளைக் கொண்டுவந்தபோதும், இங்கே பழைய முறையே தொடரும் என்று மாநில அரசு சொல்லிவிட்டது. டெல்லி, குஜராத் போன்ற இடங்களில் நிறுத்தி வைக்கும் முறை வந்துவிட்டது.

'வேண்டும்' கட்சியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அவர்களில் பெரும்பாலானவர்கள் நல்ல ஆசிரியர்கள், வகுப்பில் தொண்டை வறளப் பாடம் நடத்துகிறவர்கள். 'எப்படியும் பாஸ்தானே சார்' என்று அப்பாவே வாசலில் நின்று சொல்லும்போது வருகிற எரிச்சல் எனக்கும் உண்டு. அறுவடைக் காலத்தில் பிள்ளையை வாரக்கணக்கில் ஊருக்கு அழைத்துப் போகிறவர்களிடம் காட்ட நம் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் உண்மை. ஆறாம் வகுப்பு ஆசிரியர் நம்மைப் பார்த்து, 'பெயர் எழுதக்கூடத் தெரியாமல் எப்படி சார் அனுப்புறீங்க?' என்று கேட்பது அதைவிடக் கசக்கும். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ஏசர் ஆய்வில், 2024-இல் நாடு முழுக்கக் கிராமப்புற 5ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் 2ஆம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தவர்கள் பாதியைக்கூட எட்டவில்லை. ஆக, சும்மா ஏற்றி விடுவது நன்றாக நடக்கிறது என்று நானும் வாதாடப் போவதில்லை.

என்னை 'வேண்டாம்' பக்கம் தள்ளியது ஒரே கேள்விதான். நிறுத்தி வைத்த அந்த இரண்டாவது வருஷத்தில் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

ஈராசிரியர் பள்ளியை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61ஆவது பிள்ளை வந்தால்தான் மூன்றாமவர். ஒருவர் 1, 2, 3 வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்துக்கொள்வார். தலைமையாசிரியர் 4, 5 வகுப்புகளைப் பார்ப்பார். காலை உணவு, சத்துணவு, எமிஸ் என்கிற இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, பள்ளி மேலாண்மைக் குழு, வட்டாரக் கல்வி அலுவலர் கூப்பிடும் கூட்டம் எல்லாம் அவர் தலையில். அவர் கூட்டத்துக்குப் போனால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒரே ஆசிரியரிடம்.

இந்தப் பள்ளியில் 5ஆம் வகுப்புப் பையன் ஒருவன் தேர்வில் தவறுகிறான் என்று வையுங்கள். ஏன் தவறினான்? 5ஆம் வகுப்புப் பாடம் கடினம் என்பதால் அல்ல. உயிர்மெய் எழுத்துகளில் கொம்பும் காலும் வந்தாலே தடுமாறுகிறான், இரண்டிலக்கக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியவில்லை. இரண்டும் 1, 2 வகுப்புகளில் விட்டுப்போனவை. அடுத்த ஜூனில் அவன் உட்காரப் போவது அதே அறை, அதே ஆசிரியர். கையில் கொடுக்கப் போவதோ போன வருஷம் வாசிக்க முடியாமல் போன அதே 5ஆம் வகுப்புப் புத்தகம். அவனுக்குத் தேவைப்பட்ட 2ஆம் வகுப்புப் பாடம் பக்கத்து அறையில் நடந்துகொண்டிருக்கும். ஒரு வருஷம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம், அதில் கொடுக்க வேண்டியதை மட்டும் கொடுக்கவில்லை.

'அதற்குத்தானே கூடுதல் பயிற்சி, மறுதேர்வு எல்லாம் இருக்கிறது' என்பார்கள். நம் ஊர் நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். ஆண்டு இறுதித் தேர்வு ஏப்ரலில். முடிவு வந்த இரண்டு மாதம் என்பது கோடை விடுமுறை. மே மாதத்தில் பயிற்சி கொடுக்கப் போவது யார்? அந்த மாதத்தில் பாதிப் பிள்ளைகள் பாட்டி வீட்டில், மீதிப் பேர் அம்மாவோடு வேலைக் காட்டில். மத்திய விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைகளின் பட்டியலைத் தலைமையாசிரியர் வைத்துக்கொண்டு, அவர்கள் முன்னேற்றத்தை நேரடியாகக் கண்காணிக்க வேண்டும். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாவில் இது நடக்கும், அங்கே தலைமையாசிரியருக்கென்று தனி அறையும் நேரமும் உண்டு. எங்களைப் போன்ற பள்ளியில் அந்தத் தலைமையாசிரியர்தான் 4, 5 வகுப்புகளின் ஆசிரியரும். ஆக, போன வருஷம் யாரால் முடியவில்லையோ அவரிடமே பையனை மறுபடி ஒப்படைக்கிறோம். இந்த இடத்தில் 'வேண்டும்' கட்சியில் யாரும் எனக்குச் சரியான பதில் சொன்னதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. ஒரு வருஷம் நின்றால் 5ஆம் வகுப்பிலேயே பதினொன்று முடிந்து பன்னிரண்டு ஆகும். நடுவில் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால், பக்கத்து ஊரில் இருக்கும் நடுநிலைப் பள்ளிக்கு அனுப்புவதா என்று வீட்டில் யோசனை ஆரம்பித்துவிடும். ஏற்கெனவே ஒரு வருஷம் நின்ற பிள்ளை என்றால் அந்த யோசனைக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிடும்.

இன்னொன்று, கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. அதிகாரம் கொடுத்தாலும் நம்மில் எத்தனை பேர் பயன்படுத்துவோம்? சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் உபரி, அடுத்து பணி நிரவல், அதாவது அந்த ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றம். பிள்ளையை நிறுத்தி வைத்தால் அப்பா டி.சி. கேட்டு வருவார், வேன் அனுப்புகிற தனியார் பள்ளி மேல் வகுப்பில் சேர்த்துக்கொள்ளும். இது தெரிந்த தலைமையாசிரியர் விடைத்தாளைத் தாராளமாகத்தான் திருத்துவார். அப்புறம் தேர்வு எதற்கு?

சரி, என் பக்கம் என்ன? ஏற்றி விடு, ஆனால் வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துச் சொல்லிக்கொடு. இது புதிய யோசனை இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளின் அடிப்படையே இதுதான்: பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து ஏறட்டும். கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அதையே அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தது. முதலில் 3ஆம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும். பல வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைப்பது ஈராசிரியர் பள்ளியில் கட்டாயம். நிலைவாரியாகப் பிரித்தால் அந்தக் கட்டாயமே கொஞ்சம் உதவியாக மாறுகிறது. 4ஆம் வகுப்புப் பெண்ணும் 5ஆம் வகுப்புப் பையனும் ஒரே அரும்புக் குழுவில் உட்கார்ந்தால் யாரும் ஏளனம் செய்வதில்லை, ஏனென்றால் அறையில் எப்படியும் எல்லோரும் கலந்துதான் இருக்கிறார்கள். அரும்பிலிருந்து மொட்டுக்கு ஒரு பிள்ளை வருஷ நடுவிலேயே நகரலாம், ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

குறையும் இருக்கிறது, பெரிய குறை. நிலையைக் கண்டுபிடிக்க மதிப்பீடு, மதிப்பீட்டைப் பதிய கைபேசிச் செயலி, செயலி திறக்க சிக்னல். ஒரு பிள்ளைக்குக் கேள்வி கேட்டுப் பதிந்துகொண்டிருக்கும்போது மீதிப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கற்பிக்கும் நேரத்தைப் பதிவு விழுங்குகிறது என்ற புகார் மாநிலம் முழுக்க எழுந்தது, அதில் என் குரலும் உண்டு. இன்னொரு பக்கம், நன்றாக வாசிக்கிற பிள்ளைகள் மலர் நிலையில் தாங்களாகவே ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று விட்டுவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. நிறுத்தி வைக்கும் முறை அந்தப் பிள்ளைகளைத் தொந்தரவு செய்வதில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் கணக்கு எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிற நகரப் பள்ளியில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே நிறுத்தப்பட்ட பிள்ளை வேறு பிரிவுக்கு, வேறு ஆசிரியரிடம் போகலாம். அந்த இரண்டாவது வருஷத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கக்கூடும். 8ஆம் வகுப்பு வேறு கதை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தேர்வு பயமா, உந்துதலா என்பதை அந்தப் பிள்ளைகளோடு இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். 2025-26-இல் 6 முதல் 9 வரை, அடிப்படை விட்டுப்போனவர்களுக்கென்று 'திறன்' திட்டம் வந்ததைப் பார்த்தால், மேல் வகுப்புகளிலும் நிலைவாரிப் பக்கம்தான் சாய்கிறார்கள் என்று தெரிகிறது.

நாங்கள் எழுதிக் கொடுத்த மனுவில் நிறுத்தி வைக்கும் அதிகாரம் கேட்கவில்லை, மூன்று விஷயங்கள் கேட்டோம். முதலாவது, 60 பிள்ளைக்கு உட்பட்ட பள்ளிக்கும் காலை இரண்டு மணி நேரம் மூன்றாவது ஆள். முழு ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. கொரோனாவுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலையில் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள் மாதம் 1,000 ரூபாய்க்கு வந்தவர்கள்தான், அதைவிடக் கொஞ்சம் மரியாதையான தொகைக்கு உள்ளூரிலேயே ஆள் கிடைக்கும். அரும்புக் குழுவை அவரிடம் விடலாம். இரண்டாவது, செயலிப் பதிவு பருவத்துக்கு ஒருமுறை மட்டும். மூன்றாவது, 5ஆம் வகுப்பு முடிக்கிற பிள்ளையின் டி.சி.யோடு ஒரு பக்கத் தாள்: எந்த எழுத்து வரை வாசிக்கிறான், எந்தக் கணக்கில் நிற்கிறான் என்று. மூன்றாவதற்குப் பணம் தேவையில்லை, அரசாணையும் தேவையில்லை என்பதால் எங்கள் பள்ளியில் ஆரம்பித்துவிட்டோம். ஆறாம் வகுப்பு ஆசிரியர்களில் சிலர் அதைப் படித்துவிட்டு ஃபோனில் கேட்கிறார்கள், சிலர் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். மற்ற இரண்டுக்கும் வட்டாரத்திலிருந்து வந்த பதில், 'மேலே அனுப்பியிருக்கிறோம்'.